மூச்சைக் கவனிக்கச் சொல்வோர் முறையீட்டையும் கவனிக்கட்டும்!

நம் பல்கலைக்கழக மாணவரின் மனம் கலங்கியிருக்கிறது என்பதை இப்பொழுது எல்லோரும் ஒப்புக்கொள்கின்றனர். பதகளிப்பு என்று மருத்துவர் சொல்கின்றனர். பயம் என்று தாய்மார் சொல்கின்றனர். படிப்பில் நாட்டமில்லை என்று விரிவுரையாளர் சொல்கின்றனர். பெயர் எதுவாயினும் நோவு ஒன்றே. பரீட்சை மண்டபத்தில் கை நடுங்குகிறது. இரவில் உறக்கம் வருவதில்லை. சிறு சொல்லுக்கும் சினமோ கண்ணீரோ பொங்குகிறது. இந்நிலைக்கு மருந்தாக இன்று உலகெங்கும் ஒரு பயிற்சி எடுத்துரைக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் அதனை மைன்ட்புல்னெஸ் என்பர். தமிழில் மனவிழிப்பு என்போம். நிமிர்ந்து அமர்ந்திரு, மூச்சைக் கவனி, எழும் எண்ணத்தோடு போராடாதே, அதன் பின்னே ஓடாதே, அது வருவதையும் போவதையும் பார்த்திரு என்பதே அதன் சாரம்.

இப்பயிற்சிக்கு நாம் பகைவர் அல்லர். இதனால் நன்மை உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அச்சான்றை நாமே கீழே எடுத்து வைப்போம். ஆயின், மாணவர் தம் மூச்சைக் கவனிக்கப் பழகிவிட்டால் அவருடைய முறையீட்டைக் கவனிக்கும் கடமை மற்றவர்க்கு ஒழிந்துபோயிற்று என்று எண்ணும் ஒரு போக்கு நம்மிடையே வளர்ந்து வருகிறதே, அதனை எதிர்க்கிறோம். ஒருநாள் பயிலரங்கு கூட்டி, வாசலிற் பதாகை கட்டி, படம் பிடித்து, சான்றிதழ் கையளித்து, மாணவர் உளநலப் பணி இனிதே நிறைவெய்தியது என்று அறிக்கை எழுதுவோரை நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சொல்லின் வரலாறு

இப்பயிற்சி மேனாட்டிலிருந்து வந்திறங்கிய புதுச் சரக்கு என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் தவறு. இதற்கும் இந்தத் தீவுக்கும் பழைய உறவு உண்டு. பாளி மொழியில் இதன் பெயர் சதி. அச்சொல்லுக்கு மைன்ட்புல்னெஸ் என்ற ஆங்கிலப் பெயரை வழங்கச் செய்தவர் ரீஸ் டேவிட்ஸ். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைச் சிவில் சேவையில் நீதவானாக இருந்து, இங்கேயே பாளி கற்று, நாடு திரும்பிச் சட்டமும் பயின்றவர். 1881 இல் வெளிவந்த அவருடைய பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பிலே அப்பெயர் இடம்பெற்றது. பின்னர்க் கண்டியில் வாழ்ந்த ஜெர்மானியப் பிக்கு ஞானபொனிக தேரர் 1954 இல் வெளியிட்ட தியான நூலால் மேனாட்டார் பலர் இப்பயிற்சியை அறிந்தனர். 1979 இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் என்பவர் சமயக் கோலத்தை நீக்கி, வாரக்கணக்கில் நடக்கும் பாடமாக இதனை வகுத்து, நீடித்த நோவால் வருந்தியவர்க்குக் கற்பித்தார். கண்டியிலிருந்து சென்றது கப்பலேறித் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே.

இன்னுமொன்று. பாளிச் சதிக்குச் சமஸ்கிருதத்தில் நேரான சொல் ஸ்மிருதி. ஸ்மிருதி என்றால் நினைவு. எனவே இப்பயிற்சியின் பெயரிலேயே நினைவு இருக்கிறது; மறதி இல்லை. வாசகர் இதனை மனத்திற் கொள்க. பின்னர் இதற்கு வருவோம்.

பயன் உண்டு, வரம்பும் உண்டு

பதகளிப்பு என்பது பெரும்பாலும் நாளைக்கு அஞ்சி இன்றை இழப்பது. பரீட்சையில் தவறிவிட்டால் என்செய்வது என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்வி வேறு பத்துக் கேள்விகளைப் பெறுகிறது. நெஞ்சு படபடக்கிறது, அப்படபடப்பைக் கண்டு மனம் இன்னும் அஞ்சுகிறது. அச்சம் உடலைக் கலக்க, உடல் அச்சத்தைப் பெருக்க, இரண்டும் ஒன்றையொன்று துரத்தும் சுழல் இது. மனவிழிப்புப் பயின்றவர் இச்சுழலின் ஓரிடத்தில் நின்றுவிடக் கற்கிறார். ‘இதோ பயம் வந்திருக்கிறது’ என்று பயத்தைப் பயமாகவே பார்க்கும்பொழுது, அதற்கும் தமக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி உண்டாகிறது. அந்த ஒரு சாணே மனவெழுச்சிச் சமநிலைக்கு அடித்தளம். சினம் எழுவதற்கும் கை ஓங்குவதற்கும் நடுவே ஒரு கணம் கிடைத்தாற் போதும். பல தீங்குகள் நடவாமற் போகும்.

இது வெறும் நம்பிக்கை அன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2018 இல் லான்செட் குழுமத்தின் பொதுச் சுகாதார இதழில் வெளியாயிற்று. ஒரு பகுதியினர்க்குப் பல்கலைக்கழகம் வழக்கமாக அளிக்கும் உளநல உதவி மட்டும் இருந்தது. மறு பகுதியினர்க்கு அவ்வுதவியோடு எட்டு வார மனவிழிப்புப் பயிற்சியும் கிடைத்தது. பரீட்சைக் காலத்தில் உளத்துயர் மருத்துவ எல்லையைத் தாண்டியிருந்தோர் முதற் பகுதியினரில் நூற்றுக்கு 57 பேர். பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு 37 பேர். வேறுபாடு சிறிதன்று.

நம் பயிலரங்குக்காரர் இவ்வளவோடு படிப்பை நிறுத்திக்கொள்வர். சட்டம் பயின்றவர்க்கு ஆவணத்தை அடிவரி வரை வாசிக்கும் பழக்கம் உண்டு. வாசித்துப் பார்ப்போம்.

அந்த மாணவர் யாவரும் தாமே விரும்பி வந்தவர்கள். பயிற்சி எட்டு வாரம் நடந்தது, ஒருநாளில் முடியவில்லை. தேர்ந்த ஆசிரியர் கற்பித்தார். உளவளத்துணையை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் மனவிழிப்பை வைக்கவில்லை. இருந்த உதவிக்கு மேலேதான் அதனை வைத்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, கடும் பதகளிப்பாலோ மனச்சோர்வாலோ அவ்வேளையில் வாடுவோரும், அண்மையில் உற்றாரை இழந்தோரும், பேரிழப்புக்கு ஆளானோரும் அந்த ஆய்விற் சேர வேண்டியதில்லை என்று முதலிலேயே விலக்கப்பட்டிருந்தனர். இழப்பைச் சந்தியாத மாணவரிடம் கண்ட நன்மையை, இழப்பிலே பிறந்து இழப்பிலே வளர்ந்த மாணவருக்கு அப்படியே எழுதி ஒட்டுவது எந்த நியாயத்தில் அடங்கும்?

மற்றுமோர் ஆய்வு. ஐக்கிய இராச்சியத்தில் 85 பாடசாலைகளில் 8,000க்கு மேற்பட்ட சிறுவரைக் கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினர்க்கு வகுப்பிலேயே இப்பயிற்சி அளித்துப் பார்த்தனர். 2022 இல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான சமூக, மனவெழுச்சிப் பாடத்தைவிட இது மேலான பயன் தரவில்லை என்பதே முடிவு. பிள்ளைகளில் மிகப் பலர் வீட்டில் அதனைப் பயிலவே இல்லை. விரும்பியவர்க்கு மருந்து, வகுப்பில் அமர்த்தி ஊட்டினால் அதுவும் இன்னொரு பாடம். இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து வாசிப்பவர்க்குத் தோன்றும் முடிவு இதுவே.

எதிரிக்கூண்டில் நிற்பவர் யார்?

எந்த வழக்கிலும் முதற் கேள்வி, எதிரி யார் என்பது. மாணவர் பதகளிப்பு என்னும் இவ்வழக்கில் இன்று மாணவரின் மனமே எதிரிக்கூண்டில் ஏற்றப்பட்டிருக்கிறது. அது பலவீனமானது, பயிற்சியற்றது, ஆகவே அதனைத் திருத்துக என்பது குற்றப்பத்திரம். அந்த மனத்தை வெளியிலிருந்து கலக்கியவர் ஒருவரேனும் அழைக்கப்படவில்லை. நாம் அழைப்போம்.

முதலாவது, பரீட்சை. க.பொ.த. உயர்தரம் என்னும் ஒரே வாயிலினூடாகவே அரச பல்கலைக்கழகத்துக்குள் நுழையலாம். அவ்வாயிலில் நிற்கும் பிள்ளையின் வாழ்வு ஒரு தசமப் புள்ளியில் தொங்குகிறது. தமிழ் மாணவருக்கு இவ்வச்சம் பரம்பரைச் சொத்து. 1970/71 அனுமதியின்போது மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மாணவர் 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சிங்கள மொழி மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. பொறியியலுக்கு முன்னவர்க்கு 250, பின்னவர்க்கு 227. அந்த முறை பின்னர் மாறியது. இன்று 40 வீத இடம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் குடித்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பகிரப்படுகிறது. முறை மாறினும் தகப்பன் பட்ட பயம் மகளின் நெஞ்சிற் குடியிருக்கிறது.

இரண்டாவது, பகிடிவதை. 1997 இல் பேராதனையில் தமிழ்ப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதைக்கு ஆளாகி உயிர் நீத்தார். அடுத்த ஆண்டில் 20 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் பகிடிவதைக்குத் தந்திருக்கும் வரைவிலக்கணத்தைப் பாருங்கள். உடற்காயம் மட்டுமன்று, உளக்காயமோ மனவேதனையோ அச்சமோ விளைவிக்கும் எச்செயலும், விளைவிக்கக்கூடிய எச்செயலும் குற்றம். இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை. பாரதூரமான காயமோ பாலியல் துன்புறுத்தலோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. மாணவரின் அச்சம் பாராளுமன்றத்தால் ஏற்கப்பட்ட சட்டத் தீங்கு என்பதே இதன் பொருள். சட்டம் குற்றம் என்று சொல்லியதற்குப் பல்கலைக்கழகம் மூச்சுப் பயிற்சி கொடுக்குமாயின், களவு கொடுத்தவனிடம் பற்றின்மையைப் போதிக்கும் பொலிசுக்கும் அப்பல்கலைக்கழகத்துக்கும் என்ன வேறுபாடு?

மூன்றாவது, அரசின் துப்பாக்கி. 2016 ஒக்டோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில், மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் மடிந்தனர். முதலில் விபத்து என்றார்கள். பின்னரே பொலிசாரின் துப்பாக்கிச் சூடு வெளிப்பட்டது. பொலிசார் ஐவர் கைதாயினர். அந்த இருவரோடு ஒரே வகுப்பில் இருந்தவர்கள் மறுவாரம் அதே தெருவால் விரிவுரைக்குச் சென்றார்கள். அவர்களுடைய நெஞ்சு படபடத்தது நோயா, சாட்சியமா?

நான்காவது, போரின் எச்சம். இன்று வகுப்பில் இருப்போர் பலர் 2009 மே மாதத்தில் சிறு குழந்தைகள். தந்தை எங்கே என்ற கேள்விக்கு விடையில்லாத வீடுகளிலிருந்து பலர் வருகின்றனர். காணாமற் போனோர் அலுவலகச் சட்டம் 2016 இல் நிறைவேறியது; 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்தனர். சட்டப் புத்தகத்துக்கும் அந்தத் தெருவோரத்துக்கும் இடையிலுள்ள தூரமே இம்மாணவரின் பதகளிப்பு. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்டோரின் பேரப்பிள்ளைகளும் இவர்களுள் உளர். பாட்டனாரின் காணியைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இவற்றுக்கு மேலே 2022 இன் பொருளாதார வீழ்ச்சி வந்து, பட்டம் பெற்றபின் வேலை எங்கே என்ற கேள்வியையும் ஏற்றி வைத்தது.

இந்நால்வரும் கூண்டுக்கு வெளியே உலவ, மாணவரின் மூச்சு மட்டும் விசாரிக்கப்படுவது நீதியாகுமா?

கண்ணை மூடினால் தோன்றுவது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள் போர்க்காலம் முழுவதும் நம் மக்களின் மனக்காயத்தை ஆராய்ந்து, 1998 இலும் 2014 இலும் நூல்களாக வெளியிட்டார். அவர் காட்டிய உண்மைகள் இரண்டு இங்கே வேண்டும். ஒன்று, மூச்சுப் பயிற்சியும் செபமும் யோகமும் நம் மக்களுக்கு உதவும்; அவரவர் சமய மரபிலிருந்தே அவற்றை எடுத்து அவர் மருத்துவத்திற் பயன்படுத்தினார். சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை என்பது அவர் வழி. மற்றொன்று, போர் காயப்படுத்தியது தனி மனிதரை மட்டுமன்று. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது. ஊருக்குப் பட்ட காயத்தைத் தனியறையில் ஒருவர் மட்டும் கண்மூடி அமர்ந்து ஆற்றிவிட முடியாது.

மேலும், கொடுமையைக் கண்ணாற் கண்டவர்க்குக் கண்ணை மூடுவது எப்போதும் அமைதி தருவதில்லை. மூடிய கண்ணுக்குள் பதுங்குகுழியும் செல்லடியும் தோன்றலாம். உள்ளே நோக்கு என்று சொல்லும் ஆசிரியர், உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிந்தவராயிருத்தல் வேண்டும். அது தோன்றும்போது அருகில் நின்று கைகொடுக்கத் தெரிந்தவராயிருத்தல் வேண்டும். ஒருநாட் பயிலரங்கு மாலை நான்கு மணிக்கு வாகனமேறிப் போய்விடுகிறது. பயிலரங்கு கிளறிவிட்ட நினைவோடு மாணவர் இரவு முழுவதும் தனித்திருக்கிறார்.

ஸ்மிருதி என்றால் நினைவு என்றோம். அந்த நினைவுக்கு இங்கு என்ன நேர்ந்தது? 2021 சனவரி 8 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இயந்திரங் கொண்டு இடிக்கப்பட்டது. மாணவர் வாயிலில் உண்ணாவிரதம் இருந்தனர். சனவரி 11 காலையில் துணைவேந்தரே மீள அடிக்கல் நாட்ட நேர்ந்தது. ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. நினைவை இடித்த இரவில் மாணவருக்கு வந்த நடுக்கத்தைத் தணித்தது எது? ஒன்றுகூடி நின்றதும், கேட்டதும், கேட்டதைப் பெற்றதும் தணித்தன. அதுவும் ஒரு மருத்துவமே. எந்தப் பயிலரங்கின் நிகழ்ச்சி நிரலிலும் அம்மருத்துவத்தைக் காணோம்.

நம்மவர்க்கும் சில சொல்

மறுபுறத்தில், இது பௌத்தத் தியானம், ஆகவே தமிழ் மாணவர் தொடலாகாது என்று சொல்வோரும் நம்மிடை உளர். அவர்களுடைய ஐயத்தின் வேரை அறிவோம். சதி பாசல என்ற பெயரில் தம்மஜீவ தேரர் தொடக்கிய பாடசாலைத் தியான இயக்கத்தின் பெயரைத் தமிழ்க் காதாற் கேட்பவர் திடுக்கிடுவர். சிங்களத்தில் அது விழிப்புப் பள்ளி என்ற பொருளையே தருகிறது. சொல்லில் இல்லாத சதி தையிட்டியில் இருக்கிறது. அங்கே தமிழரின் தனியார் காணியில் இராணுவம் விகாரை எழுப்பியது. 2023 முதல் காணிக்காரர் தெருவில் நின்று கேட்டனர். காவியும் காக்கியும் ஒன்றாக வந்தால் மக்கள் ஐயுறாமல் என்செய்வர்?

ஆயினும் விகாரை வேறு, மூச்சு வேறு. ஒரு காலத்தில் தமிழரும் பௌத்தராயிருந்தனர் என்பதற்கு மணிமேகலை சான்று. அதுவுமன்றி, 1964 இல் சமாதியெய்திய யோகர் சுவாமிகள் கொழும்புத்துறைக் குடிலிலிருந்து சும்மா இருக்கும் கலையை யாழ்ப்பாணத்தார்க்கு உணர்த்தியவர். நம் வீட்டு விளக்கைப் பிறர் ஏற்றி வைத்தார் என்பதற்காக இருட்டில் இருப்போமா? எடுப்போம், நம் மொழியில், நம் மரபோடு, விரும்பியவர் மட்டும் எடுப்போம்.

பெற்றாரே, உங்களுக்கும் ஒரு சொல். விடியுமுன் ஒரு தனியார் வகுப்பு, பள்ளி விட்டபின் இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமையும் மற்றொன்று என்று பிள்ளையை ஓட்டிவிட்டு, பெறுபேறு வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாவட்ட நிலையை அதன் முகத்திற்கு நேரே சொல்கிறீர்கள். டாக்குத்தர், எஞ்சினியர், அல்லது வெளிநாடு என்ற மூன்றே சொற்களால் அதன் உலகத்தை வேலியடைக்கிறீர்கள். பின்னர் பிள்ளைக்கு நித்திரை இல்லை என்று நேர்த்தி வைக்கிறீர்கள். வேலியைச் சற்றுத் தளர்த்துங்கள்; நேர்த்திக்கடன் குறையும். பிள்ளை உளமருத்துவரிடம் போனால் கலியாணம் தடைப்படும் என்று மறைக்காதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதில் வெட்கமில்லையாயின் பதகளிப்புக்கு எடுப்பதில் என்ன வெட்கம்?

அரசியற் கட்சியினரும் தப்ப முடியாது. ஊர்வலத்துக்கு ஆள் வேண்டும்போது மாணவர் வாயிலில் நிற்கிறோம். ஊர்வலம் முடிந்த இரவில் அவர்கள் உறங்கினார்களா என்று கேட்பதில்லை. மாணவரைப் படை என்று அழைக்கும் நாவுக்கு, அவர்களைப் பிள்ளைகள் என்று அழைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

அமைதி வேறு, அடங்குதல் வேறு

மனவிழிப்புப் பழகிய மாணவர் போராட்ட உணர்வை இழந்துவிடுவர் என்று அஞ்சுவோர்க்கும், இழந்துவிடுவர் என்று உள்ளூர மகிழ்வோர்க்கும் ஒரே விடை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974 இல் திருநெல்வேலியிலே எந்தக் கட்டடத்தில் தொடங்கியது? சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியில். அவர் சட்ட வல்லுநர். சொலிசிற்றர் ஜெனரலாக இருந்தவர். அவர் யோகியும் ஆவார். தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளிடம் உபதேசம் பெற்று, ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரில் விவிலிய நூல்களுக்கே யோக நெறியில் உரை கண்டவர். உள்ளே அடங்கக் கற்ற அம்மனிதர் 1915 இல் இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிங்களத் தலைவர் சிறைப்பட்டபோது அடங்கிக் கிடந்தாரா? போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று வாதாடினார். அந்தக் கலவரத்தில் முஸ்லிம் மக்கள் பட்ட துயரை அவர் போதிய அளவு எடைபோடவில்லை. 1928 இல் டொனமூர்க் குழு விதந்துரைத்த சர்வசன வாக்குரிமையையும் எதிர்த்தார். அவர் கொள்கை எல்லாவற்றுக்கும் நாம் வக்காலத்து எடுக்கவில்லை. ஆயின், தியானம் ஒருவரை ஊமையாக்கும் என்ற வாதம் அவர் கட்டிய மண்டபத்திற்குள் எடுபடாது.

1961 பெப்ரவரி 20 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தையும் நினைக. பொலிசாரின் அடியைத் தாங்கி, திருப்பி அடியாமல், வாரக்கணக்காக அமர்ந்திருந்தவர்களின் மனவெழுச்சிச் சமநிலைக்கு எந்த அளவுகோல் போதும்? ஏப்ரல் 17 இல் அவசரகாலச் சட்டம் வந்துதான் அவர்களை எழுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் அமைதியாக இருந்தார்கள், அடங்கவில்லை. கலங்கிய மனம் கல்லெறியும், அல்லது ஒளிந்துகொள்ளும். தெளிந்த மனமே அமர்ந்திருந்து உரிமை கேட்கும். ஆகவே உரிமை கேட்பவர்க்கே மனவிழிப்பு மற்றெவரிலும் மிகுதியாக வேண்டும்.

நாம் கேட்பவை

பல்கலைக்கழக நிர்வாகத்திடமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் நாம் கேட்பவை சிலவே.

மனவிழிப்புப் பயிற்சி நடக்கட்டும், விரும்பியவர்க்கு மட்டும் நடக்கட்டும், தேர்ந்தவர் தமிழில் கற்பிக்கட்டும், வாரக்கணக்காக நடக்கட்டும். பேரிழப்பைச் சுமந்தவர்க்கு அதனைத் தொடங்குமுன் உளவளத்துணையாளர் ஒருவர் துணைநிற்கட்டும்.

உளவளத்துணைக்கு முழுநேரப் பதவிகளை நிரந்தரமாக உண்டாக்குக. நம் பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் பணி பெரும்பாலும் விரிவுரையாளரின் மேலதிகக் கடமையாகவே இருக்கிறது. புள்ளி இடுபவரிடமே மனத்தைத் திற என்றால் எந்த மாணவர் திறப்பார்? நீதவானே வழக்கறிஞராகவும் இருத்தல் முறையன்று.

1998 ஆம் ஆண்டின் சட்டத்தைப் புத்தகத்திலிருந்து வாயிலுக்குக் கொண்டுவருக. பகிடிவதை பற்றிய முறைப்பாட்டை எழுத்தில் ஏற்று, எழுத்தில் விடை தருக. முறையிட்டவர் மீது பழிவாங்கல் நேராதவாறு காத்தல் நிர்வாகத்தின் பொறுப்பு.

ஒவ்வோராண்டும் எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை தீர்ந்தது, எத்தனை மாணவர் உளவளத்துணை நாடினர் என்பதைப் பெயர் நீக்கி வெளியிடுக. பயிலரங்குப் படங்களை அதற்குப் பின்னர் அச்சிடலாம்.

தம்பிமாரே, தங்கைமாரே! உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டிற் குற்றமன்று. அத்தகைய எண்ணம் எழுந்தாற் சட்டத்துக்கு அஞ்சி எவரும் அதனை மறைக்க வேண்டியதில்லை. நண்பரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் செல்லுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணை அழையுங்கள். உதவி கேட்பது கோழைத்தனம் அன்று. வழக்கில் முதற்படியே முறைப்பாடு செய்வதுதான்.

உங்கள் பதகளிப்பு உங்கள் குற்றம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். அதில் ஒரு பங்கு உங்கள் மனத்தினுடையது. அப்பங்கை ஆற்ற மூச்சும் விழிப்பும் உதவும், அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். மீதிப் பங்கு பரீட்சைக்கும், வதைக்கும், துப்பாக்கிக்கும், விடை சொல்லாத அரசுக்கும் உரியது. அப்பங்கை உங்கள் தலையில் ஏற்ற இடங்கொடாதீர்கள். அதனை உரியவரின் வாயிலுக்கே கொண்டுசெல்வோம். நிமிர்ந்து அமர்ந்து, நிதானமாக மூச்செடுத்து, தெளிந்த குரலில் கேட்போம். விடை வரும்வரை எழமாட்டோம்.